ஐஸ் பெட்டியில் கூபா, ஹ்யூம் நெடுஞ்சாலையில் 880 கிலோமீட்டர்

மெல்பேர்னிலிருந்து சிட்னிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். காரில் போனால் 880 கிலோமீட்டர், எங்கும் நிறுத்தாமல் ஓட்டினாலே ஒன்பது மணி நேரம் ஆகும். பதினொரு வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன், ஒரு தடவைகூட அந்தப் பாதையில் போனதில்லை. இந்த மார்ச் மாதம் போனேன். காரணம், டாம் வைத்திருந்த ஒரு பழைய இரண்டு லிட்டர் ஐஸ்க்ரீம் டப்பா.

டாம் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஈரோட்டிலிருந்து வந்த புதிதில் நாங்கள் மெல்பேர்னின் கார்னெகியில் வாடகைக்கு இருந்தோம், பக்கத்தில் கால்ஃபீல்டில் அவர் வீடு. இரண்டு முறை லைசன்ஸ் டெஸ்ட்டில் கோட்டை விட்டு மூன்றாவது முறை தேறினேன். பிறகு பொயிண்ட் குக்கில் வீடு வாங்கி வந்துவிட்டோம், ஆனாலும் பழக்கம் விட்டுப்போகவில்லை. டாம் ஹங்கேரியில் பிறந்து ஆறு வயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்த யூதர். அவர் மனைவி மிரியமும் யூதர்தான், ஆனால் கொச்சிக்காரர். சிறுமியாக இருந்தபோதே குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போய், பிறகு நர்ஸ் வேலைக்கு மெல்பேர்ன் வந்தவர். மலையாளத்தில் அவரிடம் மிஞ்சியிருந்தது பத்துப் பதினைந்து வார்த்தைகள். என்னைப் பார்த்தால் முதலில் "சுகமாணோ" என்பார். அதற்குப் பிறகு எல்லாம் ஆங்கிலம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மிரியம் இறந்துபோனார். போன வருஷம் டாமுக்குக் கண் பார்வை மங்கி, லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சிட்னியில் இருக்கும் மகள் நவோமியோடு போய் இருந்துவிடுவது என்று முடிவானது. சாமான்கள் லாரியில் முன்னாலேயே போய்விட்டன. டாம் மட்டும் விமானத்தில் ஏற மாட்டேன் என்று நின்றார். விமான நிலையத்தில் அந்த டப்பாவைப் பெட்டி சாமானோடு போடச் சொல்வார்கள், அது எங்காவது தொலைந்துபோகும் என்பது அவர் பயம். எனக்கு நாலு நாள் லீவு பாக்கி இருந்தது. நான் ஓட்டுகிறேன் என்றேன்.

டப்பாவில் இருந்தது கூபா. அரிசி மாவு உருண்டைக்குள் கொத்திய கோழிக்கறியை அடைத்து, மஞ்சள் நிறத்துப் புளிப்புக் குழம்பில் வேகவைப்பது. நம் பூரணக் கொழுக்கட்டையைக் காரமாக்கிக் குழம்பில் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மிரியம் கடைசியாகச் சமைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போனது நாலு டப்பா. முதல் இரண்டு மாதத்தில் டாம் மூன்றைச் சாப்பிட்டுவிட்டார். நாலாவதைத் தொட மனம் வரவில்லை. மூடியில் ஒட்டிய டேப்பில் மிரியமின் கையெழுத்தில் 'கூபா 15' என்று எண்ணிக்கையோடு இருக்கும்.

நவோமிக்கு அந்த டப்பா வேறு காரணத்துக்காக வேண்டும். இரண்டு பக்கத்துச் சமையலையும் ஒரே புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். டாமின் அம்மா எல்லாவற்றையும் எழுதி வைத்தவராம். கசகசா, வால்நட், ஆப்பிள், பிளம் ஜாம் என்று நாலு அடுக்காக வரும் கேக்குக்குக்கூட மாவு இத்தனை, வெண்ணெய் இத்தனை என்று நோட்டில் துல்லியமாக இருக்கிறது. மிரியம் ஒரு வரி எழுதியதில்லை. கண்ணளவு, கையளவுதான். நவோமி பதினெட்டு வயதில் சிட்னிக்குப் படிக்கப் போனவள், சமையலறைப் பக்கம் ஒதுங்காதவள். இப்போது எலுமிச்சை, புளி, வினிகர் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் அந்தப் புளிப்பு வரவில்லை. டப்பாவைத் திறந்தால் தெரிந்துவிடும் என்று கேட்டிருக்கிறாள். டாம் மறுத்துவிட்டார். போனில் சண்டையாகி, மூன்று வாரம் இரண்டு பேரும் பேசவில்லையாம். கடைசியில் டப்பா சிட்னி வரும், ஆனால் யாரும் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு சமாதானம்.

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கு பொயிண்ட் குக்கில் கிளம்பினேன். கால்ஃபீல்ட் 38 கிலோமீட்டர்தான், ஆனால் அந்த நேரத்தில் வழியிலிருக்கும் பாலத்து நெரிசலில் ஐம்பத்தைந்து நிமிடம். டாம் வாசலில் தயாராக நின்றார். டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, எஸ்கி என்று இங்கே சொல்லும் ஐஸ் பெட்டியில் வைத்து, சுற்றிலும் உறைந்த ஜெல் பாக்கெட்டுகளும் இரண்டு பை ஐஸும் போட்டோம். பெட்டியைப் பின் சீட்டில் வைத்து சீட் பெல்ட்டும் மாட்டினார்.

மெல்பேர்னைத் தாண்டியதும் ஹ்யூம் நெடுஞ்சாலை நேராகப் போகிறது. இரண்டு பக்கமும் காய்ந்த புல்வெளி, ஆடுகள், தூரத்தில் மலை. ஓட்டுவதற்கு எளிதான சாலை, ஆனால் தூக்கம் வரும். எனக்கு வரவில்லை, ஏனென்றால் டாம் பக்கத்தில் இருந்தார். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் காது தெரிகிறது. லேன் மாறும்போது இண்டிகேட்டர் சத்தம் கேட்கவில்லையே என்பார். எஞ்சின் சத்தத்தை வைத்தே 110-ஐத் தாண்டுகிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தியே ஆக வேண்டும் என்பதும் அவர் சட்டம். முதல் நிறுத்தம் யூரோவா, ஒன்பதரை மணி, காப்பி ஐந்தரை டாலர், நன்றாகவே இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஆல்பரி, மெல்பேர்னிலிருந்து 325 கிலோமீட்டர். மர்ரி ஆற்றங்கரைப் பூங்காவில் சாப்பிட்டோம். வெளியூரில் டாம் கடைச் சாப்பாடு சாப்பிட மாட்டார். யூதர்களின் கோஷர் உணவு முறைப்படி இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சேரக்கூடாது, இறைச்சியும் அவர்கள் முறைப்படி வெட்டியதாக இருக்க வேண்டும். அவரிடம் அவித்த முட்டை, வெள்ளரிக்காய், ரொட்டி. என்னிடம் தயிர் சாதம், மாங்காய் ஊறுகாய். சாப்பிட்டுக்கொண்டே சண்டையைப் பற்றி அவராகவே சொன்னார். அம்மா விட்டுப்போன ஒரே சமையல் குறிப்பு அந்த டப்பாதான் என்று மகள் சொன்னாளாம். இவர், அது குறிப்பு இல்லை, உன் அம்மா கையால் செய்த கடைசிச் சாப்பாடு என்றாராம். சொல்லிவிட்டு, இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்று முட்டை ஓட்டைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார்.

அங்கிருந்து 65 கிலோமீட்டரில் ஹோல்புரூக். கடலே இல்லாத இந்த ஊரில் சாலையோரப் பூங்காவில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் விடாதீர்கள், பார்க்கக் காசு இல்லை.

மாலை மூன்றரைக்கு கண்டகாய். (பெயரைக் கேட்டால் ஏதோ பொரியலுக்கு ஆகிற காய் என்று தோன்றும், அழகான சிற்றூர்.) டாமின் முதுகுக்கு ஒரே நாளில் 880 தாங்காது என்பதால் இங்கே இரவு தங்கத் திட்டம். மோட்டலில் இரண்டு அறை, ஒன்று 145 டாலர். எஸ்கியைத் திறந்தேன். ஐஸ் பாதி உருகியிருந்தாலும் டப்பா கல்லாக இருந்தது. என் அறையில் சின்ன ஃப்ரிட்ஜ், அதற்குள் மேலே ஒரு குட்டி ஐஸ் அறை. டப்பா அளவெடுத்த மாதிரி உள்ளே போனது. காலைவரை தாங்குமா என்று டாம் கேட்டார். தாராளமாகத் தாங்கும் என்றேன்.

தாங்கவில்லை. காலை ஏழு மணிக்கு எடுத்தபோது மூடியில் பனி இல்லை, தண்ணீர்தான் இருந்தது. ஓரத்தை அழுத்தினேன், விரல் உள்ளே போனது. நடுவில் மட்டும் இன்னும் கட்டி. இந்த மாதிரி குட்டி ஐஸ் அறைகள் ஐஸ் கட்டியைக்கூட ஒழுங்காக வைத்திருக்காது. நான் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள், ஃப்ரீசர் வெப்பநிலையைத் தினமும் இரண்டு வேளை குறித்து வைக்கிறவள். ஒரு தடவை இளகிய இறைச்சியை மறுபடி உறைய வைக்கக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ரிசப்ஷன் பின்னால் ஐஸ் பை விற்கிற ஆளுயரப் பெரிய ஃப்ரீசர் நிற்பதைப் பார்த்தேன். முதல் நாள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வைத்திருப்பார்கள்.

ஒரு யோசனை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். புது ஐஸ் வாங்கிப் போட்டு மூடிவிட்டால் டாமுக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு டேப்பில் எழுத்தே சரியாகத் தெரிவதில்லை. நவோமி ஃப்ரீசரில் போய் மறுபடி உறைந்துவிடும், யாரும் திறக்கப் போவதும் இல்லை. இரண்டு பை ஐஸ் வாங்கிப் பெட்டியில் கொட்டும்வரை அந்த யோசனை என்னோடு இருந்தது. டாம் பல் விளக்கி, தலை சீவி, தொப்பியோடு வெளியே வந்தார். இரவு நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்.

"டாம், டப்பா இளகிடுச்சு. ஐஸ் அறை போதலை. நான் ரிசப்ஷன்ல கேட்டிருக்கணும், கேக்கலை. தப்பு என்னோடதுதான்."

அவர் பெட்டியைத் திறந்து, ஐஸுக்குள் கைவிட்டு, டப்பாவின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டியை எடு" என்றார்.

எட்டரைக்குக் கிளம்பினோம். யாஸ் வரைக்கும் 100 கிலோமீட்டர். ஒரு லாரியை இண்டிகேட்டர் போடாமல் முந்தினேன், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. யாஸில் நிறுத்தவும் வேண்டாம் என்றார். கோல்பர்னுக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும்போது, இளகினது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். குளிரிலேயே இளகியதால் பயமில்லை, இன்று நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாம், நாளைக்குத் தள்ளக்கூடாது என்றேன்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றார்.

வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை யூதர்களுக்கு ஓய்வு நாள். வெள்ளி இரவுச் சாப்பாடுதான் அவர்கள் வாரத்தின் பெரிய சாப்பாடு. மிரியம் கூபா செய்ததும் அநேகமாக வெள்ளிக்கிழமைகளில்தானாம். கோல்பர்னில் பெட்ரோல் போட நிறுத்தினேன். டாம் இறங்கி, கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே நவோமிக்குப் போன் செய்தார். நான் பம்ப் பக்கத்தில் இருந்தேன், எல்லாம் கேட்டது.

"ராத்திரிக்கு ஒண்ணும் சமைக்காதே. அம்மா கூபா கொண்டு வர்றேன்."

மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று தெரியாது. அவர் அதன் பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். காரில் ஏறியதும், யாஸுக்கு முன்னால் லாரியை முந்தினேனே, அது சரியான முந்தல் இல்லை என்றார். எனக்கு உயிர் வந்தது.

சிட்னி கிழக்குப் பகுதியில் நவோமி வீட்டை அடைந்தபோது மதியம் ஒன்றே கால். கண்டகாயிலிருந்து 390 கிலோமீட்டர். நவோமிக்கு நாற்பது வயதிருக்கும், மிரியமின் அதே கண். அப்பாவைக் கட்டிக்கொண்டாள், பிறகு ஐஸ் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு போனாள். கணவர் பெயர் சாமி, சத்தியமாக. ஈராக் யூதக் குடும்பத்தில் சாமி என்பது சாதாரணமான பெயராம். அவர் அம்மா பீட்ரூட் போட்டுச் சிவப்பாகச் செய்வதும் கூபாதான். ஒரே வீட்டில் ஹங்கேரி, கொச்சி, பாக்தாத் மூன்றும் இருக்கின்றன. சாப்பாட்டு மேஜையில் எதற்கு எந்தப் பெயர் என்றே அவர்களுக்குள் தகராறு.

அன்று சூரியன் மறைவது ஏழு மணிக்கு மேல்தான். அதற்குப் பிறகு எழுதுவது, எடைபோடுவது, அடுப்பு பற்றவைப்பது எதுவும் கூடாது. எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க வேண்டும். நாலு மணிக்கு நவோமி தராசு, நோட்டு, கத்தி எல்லாம் மேஜையில் பரப்பினாள். டப்பாவைத் திறப்பதற்கு முன் அப்பாவைப் பார்த்தாள். டாம் தானே மூடியைத் திறந்தார். டேப்பை மட்டும் கிழியாமல் உரித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு வருஷப் பனியில் சில உருண்டைகள் விரிசல் விட்டிருந்தன. நவோமி ஒன்றை மட்டும் எடுத்து எடை போட்டாள், 41 கிராம். பாதியாக வெட்டி மாவைத் தனியாக, கறியைத் தனியாக நிறுத்தாள். விரலில் தேய்த்துப் பார்த்து, அரிசி மாவில் கொஞ்சம் ரவையும் இருக்கிறது என்றாள். உள்ளே கோழி, வெங்காயம், மல்லித்தழை, மிளகு. குழம்பை ஒரு சொட்டு நாக்கில் வைத்து நான் வெந்தயம் என்றேன். ஆனால் புளிப்பு என்னவென்று எனக்கும் பிடிபடவில்லை. நம் புளி இல்லை, எலுமிச்சையும் இல்லை. குழம்பைப் பாத்திரத்தில் ஊற்றும்போது அடியிலிருந்து கறுப்பாக, சுருங்கிய தோல் மாதிரி ஒரு துண்டு விழுந்தது. கருகிய வெங்காயம் என்றார் சாமி. நவோமி அதைக் கழுவாமல் ஒரு சின்ன பாட்டிலில் போட்டு மூடினாள்.

விளக்கேற்றி, ரொட்டிக்கும் திராட்சை ரசத்துக்கும் ஜெபம் சொல்லி உட்கார்ந்தபோது நவோமி, சாமி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர், டாம், நான், ஆக ஆறு பேர். ஆளுக்கு இரண்டு கூபா, டாமுக்கு மட்டும் நாலு. அவர் முதல் வாய் மென்று விழுங்கும்வரை யாரும் கரண்டியை எடுக்கவில்லை.

"உப்பு ஜாஸ்தி" என்றார் டாம். "அவ எப்பவும் உப்பு ஜாஸ்திதான் போடுவா. நாப்பத்திரண்டு வருஷம் சொன்னேன், கேக்கவே இல்லை. எனக்கு இது மறந்தே போச்சு."

நவோமி சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. டாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் நாலையும் சாப்பிட்டார், குழம்பை ரொட்டியால் வழித்தும் சாப்பிட்டார். உப்பு உண்மையிலேயே ஜாஸ்தி. அவ்வளவு நல்ல புளிப்பை நானும் சாப்பிட்டதில்லை. பிறகு மிரியமின் மற்றக் குறைகளும் வரிசையாக வந்தன. பார்க்கிங் தெரியாது, போனில் கத்திப் பேசுவார், எந்த ஊருக்குப் போனாலும் குடையை விட்டுவிட்டு வருவார். எழுத முடியாத நேரம் என்பதால் நவோமி எல்லாவற்றையும் கேட்டு மனதில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு. நான் வென்ட்வேர்த்வில்லில் என் தோழி வீட்டில் தங்கி இட்லி சாப்பிட்டேன். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு நவோமி அந்தக் கறுப்புத் துண்டு இருந்த பாட்டிலோடு அங்கே ரயிலில் வந்து இறங்கினாள். போண்டாய் ஜங்ஷனிலிருந்து சென்ட்ரலில் மாறி வர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஸ்டேஷன் பக்கத்திலேயே இலங்கைத் தமிழர் மளிகைக் கடைகள் இருக்கின்றன. முதல் கடையில் கல்லாவில் இருந்த பெண்மணியிடம், அவர்கள் வழக்கில் அன்ரியிடம், பாட்டிலைக் காட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"இது கொறுக்காய் எல்லோ. நாங்கள் மீனுக்குப் போடுறனாங்கள்."

கேரளாவில் குடம்புளி என்பது இதுதான். மீன் குழம்புக்கு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஈரோட்டில் எங்கள் வீட்டில் வாங்கியதே இல்லை. கோழிக்கறிக்குப் போடலாமா என்று கேட்டேன். போட்டுப் பார்க்கவில்லை, போட்டால் என்ன என்றார் அன்ரி. பிறகு நவோமியைக் காட்டி, இவா எந்த ஊர் என்று கேட்டார். அம்மா கொச்சி என்றதும், "ஓம், அப்ப கிட்டத்தான்" என்று இரண்டாவது பாக்கெட்டையும் எடுத்து வைத்தார். பாக்கெட் நாலரை டாலர். நவோமி கடைக்கு வெளியே நின்று ஒரு துண்டை வாயில் போட்டுச் சப்பினாள். அம்மா ஜாடியில் இதைப் பார்த்திருக்கிறேன், மருந்து என்று நினைத்தேன் என்றாள்.

திங்கள் காலை நான் விடைபெறப் போனபோது கூபா வேலை ஆரம்பமாகியிருந்தது. டாம் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு, மாவை உள்ளங்கையில் தட்டிக் கறியை வைத்து மூடிக்கொண்டிருந்தார். ஆறு செய்திருந்தார், ஆறும் ஆறு அளவு. உப்பை எவ்வளவு எழுதுவது என்று அப்பாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம். குறைத்து எழுதுவோம் என்பது நவோமி கட்சி. உன் அம்மா போட்டதையே எழுது, வேண்டாதவர்கள் குறைத்துக்கொள்ளட்டும் என்பது டாம் கட்சி. கையெல்லாம் மாவு என்பதால் அவர் வாசல்வரை வரவில்லை. டப்பா விஷயத்தில் நான் வருத்தப்படக் கூடாது என்றார். "நானாத் திறந்திருக்க மாட்டேன், எனக்குப் பிறகு இவங்க தூக்கி எறிஞ்சிருப்பாங்க" என்றார்.

திரும்பி வரும்போது தனியாக, ஆல்பரியில் ஒரு இரவு தங்கி வந்தேன். வழி நெடுக, கண்டகாயில் என் வாயில் வந்த அந்த "தாராளமாகத் தாங்கும்" பல தடவை ஞாபகம் வந்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை நல்லதாக முடிந்தது, அது என் சாமர்த்தியம் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இரண்டு நாளாகப் பிரித்துப் போங்கள், கண்டகாய் நடுவில் சரியாக விழுகிறது. பெட்ரோல் ஒரு வழிக்கு 118 டாலர் ஆனது. நெடுஞ்சாலையோரத்தைவிட ஊருக்குள் விலை குறைவு. ஹ்யூமில் சுங்கம் இல்லை, சிட்னிக்குள் நுழையும்போது உண்டு, கண்ணாடியில் டேக் இருக்கட்டும். விடிகாலையிலும் இருட்டும் நேரத்திலும் கங்காரு குறுக்கே வரும், அந்த நேரம் ஓட்டாதீர்கள். உறைந்த சாப்பாடு கொண்டுபோனால் மோட்டல் அறை ஃப்ரிட்ஜை நம்பாதீர்கள், ரிசப்ஷனில் கேளுங்கள். யூத வீட்டுக்கு விருந்துக்குப் போனால் வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோக வேண்டாம், பழம் கொண்டுபோங்கள். நான் திராட்சை கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை என்றால் சூரியன் மறைய இரண்டு மணி நேரம் முன்பாவது போய்ச் சேருங்கள்.

போன வாரம் நவோமி மெசேஜ் அனுப்பியிருந்தாள். மூன்றாவது தடவையில் புளிப்பு கிட்டத்தட்ட வந்துவிட்டதாம், மாவு இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதாம். சாமியின் அம்மாவும் சாப்பிட வந்திருந்தார், பீட்ரூட் இல்லாததைக் குறை சொல்லிக்கொண்டே ஐந்து சாப்பிட்டார். இருபத்தாறு செய்தோம், ஃப்ரீசரில் வைக்க ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று எழுதியிருந்தாள்.